விலைபோகும் விவரம்



வீட்டிலிருந்த செம்பு ஒன்று களவு போனால் மறுநாட் காலையிலேயே தெரிந்துவிடும். கொட்டிலில் கட்டியிருந்த கன்று காணாமற்போனால் தாய்ப்பசுவின் குரலே அதனை ஊருக்கு அறிவித்துவிடும். களவு போன பின்னும் உடையவனிடமே இருக்கும் பொருள் ஒன்று உண்டா என்று கேட்டால் நீங்கள் நகைப்பீர்கள். உண்டு. அஃது உங்களைப் பற்றிய விவரம். உங்கள் பெயர், பிறந்த நாள், தந்தையாரின் தொழில், கைபேசி எண், தேர்வில் பெற்ற மதிப்பெண், உடம்பில் உள்ள நோய் ஆகிய இவற்றையெல்லாம் ஒருவன் எடுத்துச் சென்று விற்றுவிட்டாலும், அவை உங்களிடம் இருந்தபடியே இருக்கும். ஒன்றும் குறைந்ததாகத் தோன்றாது. ஆதலால் நாம் கூக்குரல் இடுவதில்லை. காவல் நிலையத்திற்கு ஓடுவதுமில்லை. களவு நடந்தது என்பதையே பல்லாண்டுகள் அறியாமல் இருந்துவிடுகிறோம்.

இத்தகைய விவரங்களைத் திரட்டி விற்பது இன்று உலகெங்கும் பெருந்தொழிலாக வளர்ந்திருக்கிறது. அத்தொழில் எவ்வாறு நடக்கிறது, அதனால் யாருக்கு என்ன கேடு, சட்டம் அதனை எவ்வளவு தூரம் தடுக்கிறது, உங்களைப் போன்ற இளைஞர் செய்யத்தக்கது யாது என்பவற்றைப் பற்றிச் சிறிது நேரம் பேச விரும்புகிறேன்.

நான் ஓட்டப்பிடாரத்துக்காரன். கப்பலோட்டிய தமிழர் வ. உ. சிதம்பரம் பிள்ளை பிறந்த ஊர் அது. எங்களுக்குக் கிழக்கே கிடப்பது தூத்துக்குடிக் கடல். பாண்டியரின் கொற்கைத் துறை தொட்டு, முத்துக்குப் பெயர்போன கடல் அது. கடலுக்கடியில் சிப்பிகள் வளரும் பாறைத் திட்டுகளைப் 'பார்' என்பார்கள். தொல்லாயிரம் பார் என்று ஒன்று உண்டு. அரசாங்கத்தாரின் மேற்பார்வையில் நடந்த முத்துக்குளிப்பு 1961-ஆம் ஆண்டோடு நின்றுவிட்டது. சிப்பி அருகிவிட்டதே காரணம். ஆகவே நான் அதனைக் கண்ணாற் கண்டவன் அல்லன். முதியோர் சொல்லக் கேட்டவன். அவர்கள் சொன்னவற்றுள் இரண்டு செய்திகள் இன்றைய பொருளுக்கு மிகவும் வேண்டியவை.

முதலாவது, ஏலம். தோணிகள் கரை சேர்ந்ததும் சிப்பிகளை எண்ணிக் குவிப்பார்கள். ஆயிரம் சிப்பிக்கு இன்ன விலை என்று ஏலம் நடக்கும். எந்தச் சிப்பிக்குள் முத்து உண்டு, எதற்குள் இல்லை என்பது விற்பவருக்கும் தெரியாது, வாங்குபவருக்கும் தெரியாது. தனிச் சிப்பி ஒன்றைக் கையில் எடுத்துப் பார்த்தால் அதற்குப் பெரிய விலை ஒன்றும் இல்லை. குவியலாகச் சேர்ந்தபோதுதான் அதற்கு விலை. ஆயிரத்தில் சிலவற்றில் முத்து இருக்கும் என்ற கணக்கில்தான் வணிகர் பணம் கொடுத்தனர்.

இரண்டாவது, கயிறு. குளிப்பவன் கல்லைப் பற்றிக்கொண்டு ஆழத்திற்குப் போவான். அவனைக் கட்டிய கயிற்றை ஒருவன் தோணியிலிருந்து பிடித்துக்கொண்டிருப்பான். கீழிருந்து கயிற்றை அசைத்தவுடன் மேலே இழுக்க வேண்டும். நொடி தாழ்த்தால் உயிர் போய்விடும். ஆகவே அந்தக் கயிற்றை மைத்துனன் கையில்தான் கொடுப்பார்கள் என்பது கடற்கரை வழக்கு. உடன்பிறந்தவளின் தாலியை நினைப்பவன் கயிற்றை நழுவவிட மாட்டான் அல்லவா? நம்பிக்கைக்கு உரியவன் கையிலேயே கயிறு இருக்க வேண்டும் என்பது இதன் கருத்து.

இவ்விரண்டையும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். இக்காலத்தில் நிலத்தின்மேல் நடக்கும் புதிய குளிப்பு ஒன்றை இனிப் பார்ப்போம்.

ஒரு மாணவன் காலையில் எழுந்தது முதல் இரவு படுக்கும்வரை எத்தனை இடங்களில் தன்னைப் பற்றிய செய்தியைக் கொடுக்கிறான் என்று எண்ணிப் பாருங்கள். புத்தகக் கடையில் பற்றுச்சீட்டுப் போடக் கைபேசி எண்ணைக் கேட்கிறார்கள். பொருட்காட்சியில் பரிசுக் குலுக்கல் என்று சீட்டு நிரப்பச் சொல்கிறார்கள். கைபேசியில் விளையாட்டுச் செயலி ஒன்றை இறக்கினால், அது நாம் இருக்கும் இடத்தையும், நம் நண்பர்களின் எண்களையும், படங்களையும் பார்க்க இசைவு கேட்கிறது. 'சம்மதம்' என்ற பொத்தானை அழுத்திவிட்டு ஆட்டத்தைத் தொடங்குகிறான். இவை ஒவ்வொன்றும் தனித்தனியே பார்த்தால் மிக அற்பமானவை. கடைக்காரருக்கு எண் தெரிந்தால் என்ன? விளையாட்டுக்காரருக்கு ஊர் தெரிந்தால் என்ன? ஆனால் இவற்றையெல்லாம் ஓரிடத்தில் சேர்த்துப் பார்ப்பவனுக்கு அந்த மாணவனின் முழு உருவமும் தெரிந்துவிடுகிறது. குடும்பத்தின் வருவாய், படிப்பில் உள்ள தளர்ச்சி, இரவில் விழித்திருக்கும் நேரம், எதைக் கண்டு அஞ்சுகிறான், எதற்கு ஆசைப்படுகிறான் என்பன வரை அவன் ஊகித்துவிடுவான். தனிச் சிப்பிக்கு விலை இல்லை. குவியலுக்கு விலை உண்டு.

இதில் சட்டத்திற்கு உட்பட்டு நடக்கும் வணிகமும் உண்டு. திருட்டு வணிகமும் உண்டு. சட்டத்திற்கு உட்பட்ட வணிகத்தில் பெரும்பங்கு விளம்பரத்தைச் சார்ந்தது. நீங்கள் கைபேசியில் ஒரு பக்கத்தைத் திறக்கும் அந்தக் கணத்தில், அதில் விளம்பரம் காட்டும் உரிமைக்கு ஓர் ஏலம் நடந்து முடிந்துவிடுகிறது. நொடியில் பத்தில் ஒரு பங்குக்குள், கணினிகளே கேட்டு, கணினிகளே முடித்துவிடும் ஏலம் அது. பார்ப்பவர் எவ்வூரார், எந்தக் கருவி வைத்திருக்கிறார், முன்பு எவற்றைப் பார்த்தார் என்ற குறிப்புகள் ஏலம் கேட்பவர்களுக்கெல்லாம் அனுப்பப்படுகின்றன. ஏலத்தில் தோற்றவனும் அக்குறிப்புகளைப் பார்த்துவிடுகிறான். பெரிய நிறுவனங்கள், 'நாங்கள் உங்கள் விவரத்தை விற்பதில்லை' என்று சொல்கின்றன. பட்டியலை எடுத்துக் கொடுப்பதில்லை என்ற அளவில் அது மெய்யாக இருக்கலாம். ஆயினும் உங்களிடம் வந்து சேரும் வழியை அவை விற்கின்றன. அதற்கு உங்கள் விவரமே மூலதனம்.

திருட்டு வணிகம் இதைவிட வெளிப்படையானது. 2023-ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில், ஐதராபாத்தை அடுத்த சைபராபாத் காவல்துறையினர் எழுவரைக் கைதுசெய்தனர். 16 கோடியே 80 இலட்சம் பேருடைய விவரங்கள் 140-க்கு மேற்பட்ட வகைகளாகப் பிரிக்கப்பட்டு அவர்களிடம் விற்பனைக்கு இருந்தன என்று காவல்துறை அறிவித்தது. படைவீரர்களின் விவரம் அதில் இருந்தது. மருத்துவக் கல்லூரிக்கான 'நீட்' தேர்வு மாணவர்களின் பெயரும், தந்தையார் பெயரும், எண்ணும் இருந்தன. அடுத்த சில நாட்களில் அதே காவல்துறையினர் மற்றொருவரைக் கைதுசெய்தனர். அவர் அரியானா மாநிலத்துப் பரிதாபாத்திலிருந்து தொழில் நடத்தியவர். அவரிடம் இருந்தவை 24 மாநிலங்களையும் 8 பெருநகரங்களையும் சேர்ந்த 66 கோடியே 90 இலட்சம் பேரின் விவரங்கள் என்றனர். ஒன்பதாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை பயிலும் மாணவர்களின் பட்டியலும் அவற்றுள் ஒன்று.

விலை என்ன தெரியுமா? முதலில் அகப்பட்ட கூட்டத்தார் ஐம்பதினாயிரம் பேரின் விவரத்தை இரண்டாயிரம் ரூபாய்க்குக் கூட விற்றார்கள் என்று காவல்துறை கூறியது. கணக்குப் போட்டுப் பாருங்கள். ஆளுக்கு நான்கு காசு. ஒரு மனிதனின் பெயர், ஊர், தொழில், எண் அனைத்தும் சேர்ந்து நான்கு காசு. முத்துக்குளித்தவனுக்கு, அரசாங்கத்தார் நடத்திய குளிப்பில், எடுத்த சிப்பியில் மூன்றில் ஒரு பங்கு கிடைத்தது. இங்கே பொருளுக்கு உரியவனுக்கு அந்த நான்கு காசிலும் பங்கு இல்லை. ஏலம் நடந்த செய்திகூட இல்லை.

நான்கு காசு போனால் போகட்டும் என்று இருந்துவிடலாமா? வாங்குபவன் யார் என்று எண்ணிப் பாருங்கள். தேர்வு முடிந்த வாரத்தில் ஒரு தாய்க்குத் தொலைபேசி வருகிறது. பேசுபவன் மகனின் பெயரைச் சொல்கிறான்; பள்ளியைச் சொல்கிறான்; அவன் எழுதிய தேர்வையும் சொல்கிறான். 'உங்கள் பிள்ளைக்கு உதவித்தொகை வந்திருக்கிறது. கைபேசிக்கு ஓர் எண் வரும். அதைச் சொல்லுங்கள்' என்கிறான். இவ்வளவும் தெரிந்தவன் அரசாங்க அலுவலராகத்தான் இருக்க வேண்டும் என்று அந்தத் தாய் நம்புகிறாள். வங்கியில் இருந்த சேமிப்பு சில நிமிடங்களில் போய்விடுகிறது. மோசக்காரனுக்கு அவளிடம் வேண்டியது நம்பிக்கை ஒன்றே. அந்த நம்பிக்கையை அவன் நான்கு காசுக்கு வாங்கினான்.

விவரம் எங்கிருந்து கசிகிறது என்ற கேள்வி எழும். இதைப்பற்றி என் தொழில் அனுபவத்தில் ஒன்று சொல்வேன். முப்பதாண்டுகளுக்கு மேல் ஆசிரியனாகவும் தலைமை ஆசிரியனாகவும் இருந்து ஓய்வு பெற்றவன் நான். பள்ளியில் சேர்க்கைப் பதிவேடு என்று ஒன்று உண்டு. பிள்ளையின் பெயர், பிறந்த தேதி, சாதி, பெற்றோர் தொழில், அங்க அடையாளம் அனைத்தும் அதில் எழுதப்பட்டிருக்கும். அதனைப் பீரோவில் பூட்டிச் சாவியைத் தலைமை ஆசிரியர் வைத்திருப்பது மரபு. கைநாட்டு வைக்கும் தந்தை ஒருவர், வேறு எவரிடமும் சொல்லாத குடும்பச் செய்தியை எங்கள் மேசையின் முன் நின்று சொல்வார். பிள்ளை படிக்க வேண்டும் என்ற ஒரே காரணத்திற்காகச் சொல்வார்.

ஏப்பிரல் மாதம் பிறந்தால் தனிப்பயிற்சி நிலையங்களின் ஆட்கள் பள்ளிக்கூடங்களைத் தேடி வருவது வழக்கம். பத்தாம் வகுப்புப் பிள்ளைகளின் பெயரும் பெற்றோர் எண்ணும் வேண்டும் என்பார்கள். பிள்ளைகளின் நன்மைக்காகத்தான் என்பார்கள். பள்ளிக்கு மின்விசிறி வாங்கித் தருகிறோம் என்றும் சொல்வார்கள். எங்கள் பள்ளிக்கும் வந்தார்கள். பதிவேட்டைக் கொடுக்க இயலாது என்று சொல்லி, அவர்களுடைய விளம்பரத் தாளை அறிவிப்புப் பலகையில் ஒட்டிக்கொள்ளச் சொன்னேன். வேண்டுவோர் தாமே போய்ச் சேரட்டும் என்பது என் எண்ணம். அந்தத் தாளை ஒட்டுவதில் அவர்களுக்கு அத்தனை விருப்பம் இருக்கவில்லை. இன்று பதிவேடு பீரோவிலிருந்து கணினிக்குப் போய்விட்டது. பீரோவிற்கு ஒரு சாவி. கணினிக்கோ பல சாவிகள். ஆயினும் நெறி மாறவில்லை. ஒரு காரியத்திற்காகப் பெற்ற செய்தியை அக்காரியத்திற்கு மட்டுமே பயன்படுத்த வேண்டும். தனியுரிமை பற்றி உலகில் எழுந்துள்ள சட்டங்கள் யாவும் இந்த ஒரு நெறியின் விரிவே எனலாம்.

இந்நெறி தவறும்போது, அல்லது காவல் தளரும்போது, விளையும் கேட்டிற்கு நம் மாநிலத்திலேயே சான்று உண்டு. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட ஸ்டார் ஹெல்த் என்ற மருத்துவக் காப்பீட்டு நிறுவனத்தின் வாடிக்கையாளர் விவரங்கள் 2024-ஆம் ஆண்டு செப்டம்பரில் 'டெலிகிராம்' என்ற செய்திச் செயலியின் வாயிலாக எவரும் பெறக்கூடிய நிலையில் கிடந்தன. 3 கோடியே 10 இலட்சம் பேரின் விவரம் தன்னிடம் இருப்பதாகக் கணினிக் கள்வன் ஒருவன் பறைசாற்றி விலை கூறினான். அவற்றுள் நோய்க் குறிப்புகளும் மருத்துவ அறிக்கைகளும் இருந்தன. நிறுவனம் சென்னை உயர்நீதிமன்றத்தை நாடி, அவற்றைப் பரப்பலாகாது என்ற இடைக்காலத் தடையைப் பெற்றது. தடை பெற்றது நன்று. ஆனால் வெளிப்பட்ட செய்தியை மீண்டும் மறைவாக்கும் ஆற்றல் எந்த நீதிமன்றத்திற்கும் இல்லை. தொலைபேசி எண்ணை மாற்றிக்கொள்ளலாம், மறைச்சொல்லை மாற்றிக்கொள்ளலாம். தனக்கு வந்த நோயை ஒருவன் மாற்றிக்கொள்ள முடியுமா? அது வேலை கொடுப்பவர் காதிலும், பெண் கொடுப்பவர் காதிலும் விழுந்தபின் அவன் என்ன செய்வான்?

அரசாங்கமும் இந்த ஆசைக்கு முற்றிலும் தப்பவில்லை. வாகனப் பதிவு, ஓட்டுநர் உரிமம் ஆகியவற்றின் விவரங்களைக் கட்டணம் பெற்று மொத்தமாகத் தரும் கொள்கை ஒன்றை மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் 2019-ஆம் ஆண்டில் வகுத்தது. 87 தனியார் நிறுவனங்களுக்கு அவ்விவரம் கிடைத்துவருகிறது என்றும், அரசுக்கு 65 கோடி ரூபாய் வரவு என்றும் அதே ஆண்டு ஜூலையில் நாடாளுமன்றத்தில் தெரிவிக்கப்பட்டது. எதிர்ப்பு எழுந்தது. 2020-ஆம் ஆண்டில் அக்கொள்கை கைவிடப்பட்டது. உரிமம் பெறச் சென்ற குடிமகன் வண்டி ஓட்டுவதற்காகத்தான் தன் விவரத்தைக் கொடுத்தான் என்பதை உணர்த்தவே இதைக் கூறுகிறேன்.

இனி, 'என்னிடம் மறைப்பதற்கு ஒன்றும் இல்லையே. நான் ஏன் அஞ்ச வேண்டும்?' என்று உங்களுள் ஒருவர் கேட்கலாம். நேர்மையான கேள்விதான். இதற்கு இரண்டு விடைகள் உள்ளன.

அஞ்சலட்டையில் நலம் விசாரித்து எழுதுகிறோம். உறையில் இட்டு ஒட்டியும் எழுதுகிறோம். உறையில் இட்டவர் எல்லாரும் குற்றம் செய்தவர்களா? வீட்டிற்குக் கதவு வைத்தவரெல்லாம் உள்ளே களவுப் பொருளை வைத்திருப்பவர்களா? மனிதனுக்கு யாரிடம் எதைச் சொல்வது என்று தானே தெரிந்தெடுக்கும் உரிமை வேண்டும். அதனை நம் முன்னோர் அந்தரங்கம் என்றனர். திருவள்ளுவர் ஒற்றாடல் என்றே ஓர் அதிகாரம் வகுத்தார். ஆனால் ஒற்றை அரசனுக்குரிய கருவியாகவே வைத்தார். வணிகனுக்கு வைத்தார் இல்லை. விடுதலைப் போர்க் காலத்தில், 1908 முதல் 1918 வரை புதுச்சேரியில் வாழ்ந்த பாரதியாரைக் கண்காணிக்க ஆங்கில அரசு ஒற்றர்களைச் சம்பளம் கொடுத்து வைத்திருந்தது. இன்றோ நாமே விலை கொடுத்து வாங்கிய கருவி, நாம் போகும் இடமெல்லாம் உடன் வந்து, குறிப்பெழுதிக்கொண்டிருக்கிறது. அக்குறிப்பு யார் கையில் சேரும் என்று கேட்பது அச்சம் ஆகாது, அறிவுடைமை.

இரண்டாவது விடை இன்னும் முக்கியமானது. உங்கள் விவரம் உங்களைப் பற்றியது மட்டும் அன்று. இங்கிலாந்து நாட்டுக் கேம்பிரிட்ஜ் அனலிட்டிகா என்ற நிறுவனத்தின் செய்தி 2018-ஆம் ஆண்டில் வெளிப்பட்டது. குணநலன் அறியும் விளையாட்டுப் போன்ற வினாத்தாள் ஒன்று முகநூலில் பரவியது. அதன் வழியாகத் திரண்ட விவரங்கள் அரசியல் பிரசாரத் தொழில் செய்யும் அந்நிறுவனத்தின் கைக்குப் போயின. உலகில் 8 கோடியே 70 இலட்சம் பேர் வரை பாதிக்கப்பட்டிருக்கலாம் என்று முகநூல் நிறுவனமே கூறியது. இந்தியாவில் அச்செயலியை ஏற்றுக்கொண்டவர் 335 பேர்தாம். பாதிக்கப்பட்டிருக்கக்கூடியவர்களோ 5,62,455 பேர். ஏனையோர் அனைவரும் அந்த 335 பேரின் நண்பர் வட்டத்தைச் சேர்ந்தவர்கள். ஒருவர் 'சம்மதம்' என்று அழுத்தியதால், சராசரியாக ஆயிரத்து அறுநூறுக்கு மேற்பட்டோரின் கதவு, அவர்களைக் கேளாமலே திறந்துவிட்டது. தெருவின் கடைசி வீட்டுக்காரன் தன் கொல்லைக் கதவைத் திறந்துவைத்தால் தெரு முழுவதற்கும் காவல் இல்லாமற் போவது போன்றது இது. வாக்காளன் மனத்தை அவன் அறியாமலே திருப்ப முயல்வோர் கையில் இது சேர்ந்தது என்பதையும் நினையுங்கள். தனியொருவன் அந்தரங்கம் போனால் நாட்டின் குடியாட்சிக்கே ஊறு நேரக்கூடும்.

சட்டம் என்ன செய்தது என்று பார்ப்போம். போலீசார் இரவில் வீடு தேடி வந்து கதவைத் தட்டுவதை எதிர்த்து வழக்காடிய கரக் சிங் என்பவரின் வழக்கில், 1962-ஆம் ஆண்டு, இரவு வருகை செல்லாது என்று உச்சநீதிமன்றம் கூறிற்று. ஆயினும் அந்தரங்கம் என்பது அரசியலமைப்புச் சட்டம் தந்த உரிமை அன்று என்பதே அன்று பெரும்பான்மை நீதிபதிகளின் கருத்து. 1994-ஆம் ஆண்டில் தமிழ்நாட்டிலிருந்து ஒரு வழக்குச் சென்றது. மரண தண்டனை பெற்ற கைதி ஒருவரின் வாழ்க்கை வரலாற்றை 'நக்கீரன்' இதழ் வெளியிடலாமா என்பது அதன் பொருள். தன்னைத் தன் வழியில் விட்டுவிடுமாறு கேட்கும் உரிமை ஒவ்வொருவருக்கும் உண்டு. ஆயினும் பொதுப் பதிவேடுகளில் உள்ளவற்றை எழுதலாம். அரசுப் பணியாளர் தம் கடமையைப் பற்றி எழுந்த செய்தியை அந்தரங்கம் என்று மறைக்க இயலாது என்று நீதிபதிகள் தெளிவுபடுத்தினர். சமன்செய்த தராசு போன்ற தீர்ப்பு அது.

பின்னர், கருநாடக உயர்நீதிமன்றத்தின் ஓய்வுபெற்ற நீதிபதி கே. எஸ். புட்டசாமி அவர்கள், 2012-ஆம் ஆண்டில், தம் 86-ஆம் வயதில், ஆதார் திட்டத்தை எதிர்த்து வழக்குத் தொடுத்தார். அவ்வழக்கில் எழுந்த கேள்விக்கு, 2017 ஆகஸ்டு 24-ஆம் நாள், ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாக விடை கூறினர். அந்தரங்கம் உயிர்வாழும் உரிமையோடு பிணைந்த அடிப்படை உரிமை என்பது அவ்விடை. அப்பெரியவர் 2024-இல், 98-ஆம் வயதில் மறைந்தார். ஓய்வு பெற்றபின் ஒருவன் செய்யக்கூடியது என்ன இருக்கிறது என்று எண்ணும் என் போன்றோர்க்கும் அவர் வாழ்க்கை ஒரு பாடம்.

அத்தீர்ப்பின் வழியே 2023-ஆம் ஆண்டில் மின்வழித் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறியது. அதற்குரிய விதிகள் 2025 நவம்பரில் வெளியாயின. நிறுவனங்களின் முதன்மையான கடமைகள் நடைமுறைக்கு வர விதிகளில் பதினெட்டு மாதத் தவணை குறிக்கப்பட்டது. இச்சட்டம் நம் விவரத்தைப் பெற்று வைத்திருக்கும் நிறுவனத்திற்கு ஒரு பெயர் சூட்டியிருக்கிறது. நம்பி ஒப்படைக்கப்பட்டதைக் காக்கும் பொறுப்பாளர் என்பது அப்பெயரின் பொருள். கடற்கரையில் சொன்னால், கயிறு பிடிக்கும் மைத்துனன். எதற்காகக் கேட்கிறோம் என்பதை நிறுவனம் முன்கூட்டியே தெளிவாக எழுதிக் காட்ட வேண்டும். நாம் விரும்பினால் அதனைத் தமிழிலேயே படிக்க வழி செய்ய வேண்டும். கொடுத்த இசைவைத் திரும்பப் பெறலாம். தவறான விவரத்தைத் திருத்தவும், தேவை முடிந்ததை அழிக்கவும் கோரலாம். பதினெட்டு வயது நிரம்பாதவர்க்குப் பெற்றோர் இசைவு வேண்டும்; சில விலக்குகள் நீங்கலாக, அவர்களைப் பின்தொடர்ந்து கண்காணிப்பதும், அவர்களைக் குறிவைத்து விளம்பரம் காட்டுவதும் கூடாது. காவலில் தவறும் நிறுவனத்திற்கு 250 கோடி ரூபாய் வரை தண்டம் விதிக்கலாம்.

குறைகளும் உண்டு. அத்தண்டம் அரசின் கருவூலத்திற்குப் போகும். இழப்புற்றவனுக்கு அதிலிருந்து இழப்பீடு வழங்க இச்சட்டத்தில் வழி இல்லை. அரசாங்க அமைப்புகளுக்கு அகன்ற விலக்கு அளிக்கப்பட்டிருக்கிறது. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் ஒரு பிரிவும் இதனால் திருத்தப்பட்டது. பொதுப் பணியாளரின் தவறு அந்தரங்கம் என்ற திரைக்குப் பின்னே மறையக்கூடும் என்று பலர் கவலை தெரிவித்தனர். இவற்றை ஆராய்ந்து திருத்தும் பொறுப்பு உங்கள் தலைமுறையைச் சேர்ந்தது.

சட்டம் வரட்டும் என்று காத்திராமல் இன்றே செய்யக்கூடியவையும் சில உண்டு. உங்களைப் பற்றி ஒருவர் எதையேனும் கேட்டால், இது எதற்கு என்று பணிவாகக் கேளுங்கள். பேனா வாங்கக் கைபேசி எண் எதற்கு? எண்ணைக் கொடுத்தால்தான் பற்றுச்சீட்டுத் தருவோம் என்று கடைக்காரர் வற்புறுத்தலாகாது என மத்திய நுகர்வோர் நலத்துறை 2023 மே மாதத்தில் அறிவுறுத்தியிருக்கிறது. கைவிளக்கு எரிக்கும் செயலிக்கு உங்கள் நண்பர்களின் எண்கள் எதற்கு? காரணம் பொருந்தவில்லையாயின் மறுத்துவிடுங்கள். நண்பனின் படத்தையோ எண்ணையோ அவனைக் கேளாமல் பிறருக்கு அனுப்பாதீர்கள். வீட்டில் உள்ள பாட்டிக்கும் தாய்க்கும், பெயரும் ஊரும் தெரிந்தவன் எல்லாம் அதிகாரி அல்லன் என்பதை எடுத்துச் சொல்லுங்கள். பணம் பறிபோனால் சிறிதும் தாமதியாமல் 1930 என்ற எண்ணுக்குத் தெரிவிக்கச் சொல்லுங்கள்.

கல்லூரியில் பயிலும் நண்பர்களுக்கு முடிவாக ஒரு சொல். இன்னும் சில ஆண்டுகளில் உங்களுட் பலர் கணினி நிறுவனங்களிலும், வங்கிகளிலும், மருத்துவமனைகளிலும், அரசு அலுவலகங்களிலும் அமர்வீர்கள். இலட்சக்கணக்கானவரின் விவரம் உங்கள் விரல் நுனியில் இருக்கும். அவர்களுள் ஒருவரையும் நீங்கள் கண்டிருக்க மாட்டீர்கள். ஒருநாள் ஒருவன் வந்து, 'யாருக்குத் தெரியப்போகிறது? ஒரு பிரதி கொடுங்கள்' என்பான். அல்லது உங்கள் மேலதிகாரியே, 'இதனை வேறு வகையிலும் பயன்படுத்தலாமே' என்பார். விற்கப்பட்ட பட்டியல்களுள் பல, பூட்டை உடைத்து எடுக்கப்பட்டவை அல்ல. உள்ளே சாவி வைத்திருந்தவர் எடுத்துக் கொடுத்தவை. வேலியே பயிரை மேய்ந்த கதை அது. அந்த நேரத்தில் உங்களைக் காண எவரும் இருக்க மாட்டார். சட்டப் புத்தகமும் அருகில் இராது. கயிற்றின் மறுமுனையில், ஆழத்தில், உங்களை நம்பி மூச்சடக்கி இருப்பவன் ஒருவன் உண்டு என்ற நினைவு ஒன்றே உங்களுக்குத் துணையாக இருக்கும். அந்த நினைவோடு வேலை பார்ப்பவர் கையில் நம் நாட்டாரின் விவரம் இருக்குமானால், நான்கு காசுக்கு அதனை வாங்க வருபவன் வெறுங்கையோடு திரும்புவான்.

நீங்கள் அத்தகையோர் ஆவீர்கள் என்று நம்புகிறேன்.